எடை மேஜைக்கு இந்தப் பக்கம்: வாசகர் கேள்வி பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் மூன்று ஒரே விஷயத்தைப் பற்றியவை. வேலையில் சேர்ந்த சில நாட்களிலேயே ‘இது நமக்கான இடம் இல்லை’ என்று தெரிந்துபோனவர்கள் எழுதியவை. மூவருமே கேரள எல்லையோரத்துக்காரர்கள். முதல் கடிதத்துக்கு நீளமாகவே பதில் எழுதியிருக்கிறேன். ஏன் என்று படிக்கும்போது தெரியும்.

கேள்வி: வணக்கம் அம்மா. எனக்கு வயது 25. ஊர் கோம்பை. பி.காம். முடித்துவிட்டு உத்தமபாளையத்தில் ஓர் ஆடிட்டர் ஆபீசில் இரண்டு வருஷம் இருந்தேன். மாதம் 12,000 ரூபாய். வண்டன்மேட்டுப் பக்கம் ஏலக்காய் வாங்கி விற்கிற ஒரு கம்பெனியில் கணக்கு எழுத ஆள் வேண்டும், சம்பளம் 18,000 என்றார்கள். சேர்ந்துவிட்டேன். இன்றைக்கு 23-ஆவது நாள். கணக்கு வேலை மூன்று மணிக்கு மேல்தான். காலை எட்டு மணியிலிருந்து கொள்முதல் மேஜையில் நிறுத்திவிடுகிறார்கள். சின்னச் சின்ன விவசாயிகள் சாக்கில் காய் கொண்டுவருவார்கள். அள்ளிப் பார்த்து விலை சொல்ல வேண்டும். எனக்கு எல்லாக் காயும் ஒரே மாதிரிதான் தெரிகிறது. ‘கிலோவுக்கு அம்பது குறைச்சுச் சொல்லு’ என்று முதலாளி கண் காட்டினால் எனக்கு வாய் வரமாட்டேன் என்கிறது. ஈரக்கழிவு என்று சாக்குக்கு ஒன்றரைக் கிலோ கண்ணை மூடிக்கொண்டு எழுதச் சொல்கிறார்கள். கொள்முதல் நோட்டு பாதி மலையாளத்தில் இருக்கிறது. அறை வாடகை 2,500, மெஸ்ஸுக்கு 4,500 போகிறது. ராத்திரி தூக்கம் இல்லை. டிகிரி ஒரிஜினலை வாங்கி வைத்திருக்கிறார்கள். மூன்று வாரத்தில் ஓடிவந்தவன் என்ற பேரோடு ஊருக்குள் எப்படிப் போவது? என் அம்மா இருபது வருஷம் ஜீப்பில் மலைக்குக் காய் எடுக்கப் போனவர். ‘என் மகன் மேல ஆபீஸ்ல இருக்கான்’ என்று தெரு முழுக்கச் சொல்லிவிட்டார்.
— பெயர் வேண்டாம், கோம்பை

பதில்: தம்பி, அம்மா ஜீப்பில் போன விஷயத்தைக் கடிதத்தின் கடைசியில் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அதுதான் முதலில் கண்ணில் பட்டது. அதற்குப் பிறகு வருகிறேன். முதலில் என் கதையைச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் நிற்கிற இடத்தில் நானும் நின்றிருக்கிறேன்.

1983-இல் எனக்கு 21 வயது. வண்டிப்பெரியாறு பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து ஆபீசில் எழுத்தர் வேலை கிடைத்தது. எஸ்.எஸ்.எல்.சி. முடித்து, டைப்ரைட்டிங் லோயர் பாஸ் செய்திருந்தேன். உட்கார்ந்து டைப் அடிக்கப் போகிறோம் என்ற நினைப்பில் கம்பத்திலிருந்து பெட்டியோடு பஸ் ஏறினேன். போன மூன்றாம் நாளே கொழுந்து நிறுக்கிற இடத்தில் கொண்டுபோய் நிறுத்தினார்கள். பெண்கள் கொழுந்துச் சாக்கோடு வரிசையில் வருவார்கள். தராசைப் பார்த்து ஒருவர் எடையைக் கூவுவார். நான் செக்ரோலில், அதாவது கூலிக் கணக்கு ஏட்டில், எழுத வேண்டும். மழையில் இலை நனைந்திருந்தால் தண்ணீருக்கென்று கழிப்பது வழக்கம், அது நியாயமும்கூட. ஆனால் வெயில் அடித்த நாளிலும் ஆளுக்கு இரண்டு கிலோ கழித்து எழுதச் சொன்னார் கண்டக்டர். தோட்டத்தில் மேற்பார்வை பார்க்கிறவரை அப்படித்தான் கூப்பிடுவார்கள். கழித்த பிறகு அன்றைய கணக்குக்கு எடை குறைந்தால் அந்தப் பெண்ணுக்கு அரைப்பேர், அதாவது பாதி நாள் கூலி. என் அம்மா வயதுக்காரர் ஒருவர் ஒன்றுமே பேசாமல் என் பேனா நுனியைப் பார்த்துக்கொண்டு நின்றார். அந்தப் பார்வை இன்னும் எனக்கு மறக்கவில்லை.

26-ஆவது நாள் சாயங்காலம் யாரிடமும் சொல்லாமல் குமுளி பஸ்ஸில் ஏறிவிட்டேன்.

வேலையை விட்டது சரி என்று இப்போதும் நினைக்கிறேன். விட்ட விதம்தான் தவறு. என் எஸ்.எஸ்.எல்.சி. புத்தகம் அந்த ஆபீஸ் பீரோவில் இருந்தது. என் கையில் இருந்த அலமாரிச் சாவியைக் கொடுக்காமல் வந்துவிட்டேன். அதைச் சாக்காக வைத்து அவர்கள் என் புத்தகத்தைத் தரவில்லை. அப்பா மூன்று தடவை மலையேறிப் போய்க் கெஞ்சி ஐந்தாவது மாதம்தான் வாங்கிவந்தார். அந்த இடைவெளியில் ஒரு கூட்டுறவு சங்கத்தில் வந்த வேலைக்குச் சான்றிதழ் காட்ட முடியாமல் போயிற்று. 26 நாள் சம்பளமும் வரவில்லை. அப்பா அந்த மூன்று தடவை போய்வந்ததைத்தான் என்னால் இன்றுவரை தாங்கிக்கொள்ள முடியவில்லை. அதனால்தான் உங்களுக்கு இவ்வளவு எழுதுகிறேன்.

அப்புறம் தேனிப் பக்கம் ஒரு நூற்பாலையின் டைம் ஆபீசில் 31 வருஷம் இருந்தேன். புதிதாகச் சேருகிறவர்களின் பெயரைப் பதிவதும், நின்றுபோகிறவர்களின் கணக்கை முடிப்பதும் என் மேஜைதான். முதல் மாதம் கண் கலங்காதவர்கள் குறைவு. சத்தம், பஞ்சுத் தூசு, ராத்திரி ஷிப்டு. அவர்களில் பெரும்பாலோர் மூன்றாம் மாதம் சிரித்துக்கொண்டு வந்து கார்டு போடுவார்கள். சிலருக்கு மட்டும் நாளாக நாளாக முகம் வாடிக்கொண்டே போகும். வருஷக்கணக்கில் பார்த்ததில் எனக்கு ஒன்று பிடிபட்டது. தெரியாததைச் சொல்லி அழுகிறவர் தேறிவிடுவார். தெரிந்துகொண்டதைச் சொல்லி வருந்துகிறவருக்கு வருத்தம் குறையாது.

உங்கள் கடிதத்தில் இரண்டும் கலந்து கிடக்கின்றன. பிரித்துப் பார்ப்போம்.

எல்லாக் காயும் ஒரே மாதிரி தெரிகிறது என்கிறீர்கள். 23 நாளில் வேறு எப்படித் தெரியும்? பச்சை நிறம் எந்த அளவு நின்றிருக்கிறது, சல்லடையில் எட்டு எம்எம்-க்கு மேல் எவ்வளவு நிற்கிறது, ஒரு லிட்டர் காய் எத்தனை கிராம் நிறுக்கிறது, கையில் குலுக்கினால் உள்ளே இருக்கும் அரிசி, அதாவது விதை, எப்படிச் சத்தம் போடுகிறது, எல்லாம் ஒரு சீசன் முழுக்கக் கை பழகினால்தான் பிடிபடும். மலையாள நோட்டும் அப்படித்தான். எண்கள் ஒன்றுதான், மீதிச் சொற்களை இரண்டு மாதத்தில் எழுத்துக்கூட்டிப் படித்துவிடுவீர்கள். இவற்றுக்காக வேலையை விடுவதாக இருந்தால் நான் வேண்டாம் என்றே சொல்வேன்.

விலையைக் குறைத்துச் சொல்ல வாய் வரவில்லை என்பது வேறு வகை. அது உங்கள் சுபாவம். அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. அதே சமயம் முதலாளியையும் கெட்டவர் என்று உடனே முடிவு கட்டிவிட வேண்டாம். இந்தச் சரக்கின் விலை எப்படி ஆடும் என்று நம் பக்கத்து ஆட்களுக்குத் தெரியும். 2019 ஆகஸ்டில் புற்றடி ஏலத்தில் ஒரு கிலோ 7,000 ரூபாயைத் தொட்டது. இரண்டே வருஷத்தில் ஆயிரத்தை ஒட்டி இறங்கிவிட்டது. காலையில் வாங்கிய சரக்கு ஏலத்துக்குப் போவதற்குள் விலை சரிந்தால் நஷ்டம் அவருடையது. கறாராகப் பேரம் பேசுகிற ஆள் அந்த மேஜைக்குத் தேவைதான். அந்த ஆள் நீங்கள் இல்லை, அவ்வளவுதான்.

ஈரக்கழிவுதான் இதில் பெரிய விஷயம். உங்களுக்குக் கணக்குத் தெரியும் என்பதால் கணக்காகவே சொல்கிறேன். பச்சைக்காய் ஐந்து கிலோவை ஸ்டோரில், அதாவது காய் உலர்த்துகிற சூட்டு அறையில், போட்டு உலர்த்தினால் ஏறத்தாழ ஒரு கிலோ உலர்காய் கிடைக்கும். நன்றாக உலர்ந்த காயில் ஈரம் 10 முதல் 12 சதவீதம் இருக்கும். இப்போது 50 கிலோ சாக்கு ஒன்று 13 சதவீத ஈரத்தோடு வருகிறது என்று வையுங்கள். ஈரம் போக உள்ளது 43.5 கிலோ. அது 10 சதவீத ஈரத்துக்குக் காய்ந்தால் சாக்கு 48.3 கிலோதான் நிற்கும். ஆக, ஒன்றரைக் கிலோ கழிவு என்பது அந்தச் சாக்குக்கு அநியாயம் இல்லை. ஆனால் 10 சதவீதத்தில் நன்றாக உலர்த்திக் கொண்டுவந்தவரின் சாக்கிலும் அதே ஒன்றரைக் கிலோவை எழுதினால்? கிலோ 2,500 என்று வைத்தாலும் 3,750 ரூபாய். விறகு வாங்கி, ராத்திரி முழுக்க ஸ்டோரில் கண் விழித்தவரின் பணம் அது. ஆக, கழிப்பதில் தவறு இல்லை தம்பி. அளக்காமல் கழிப்பதில்தான் இருக்கிறது.

அதனால் இப்படிச் செய்யுங்கள். கொள்முதல் நேரத்தில் எதுவும் பேச வேண்டாம். நாலு பேர் முன்னால் கேட்டால் எந்த முதலாளிக்கும் கோபம்தான் வரும். மூன்று மணிக்கு மேல், அன்றைய கணக்கை முடித்து நீட்டுகிற நேரத்தில் கேளுங்கள். “முதலாளி, என்னைக் கணக்குக்குன்னு எடுத்தீங்க. கொள்முதல்ல நான் நின்னா உங்களுக்கும் நஷ்டம், எனக்கும் கஷ்டம். காலையில இருந்தே பில், ஜிஎஸ்டி, இ-வே பில் எல்லாத்தையும் நான் பாத்துக்கிறேன். மேஜைக்கு வேற ஆள் போடுங்க” என்று சொல்லுங்கள். இதையும் சேர்த்துக் கேளுங்கள்: “ஈரம் பாக்க ஒரு மீட்டர் வாங்கிட்டா அளந்தே கழிச்சிரலாமே?” அதற்கு அவர் என்ன சொல்கிறார் என்று கவனியுங்கள். ‘அட, நல்ல யோசனை’ என்றால் இருந்து பாருங்கள். சிரித்துவிட்டு ‘அதெல்லாம் உனக்கெதுக்கு’ என்றால் உங்களுக்கு வேண்டிய பதில் கிடைத்துவிட்டது. அதுவரை அளக்காத கழிவை உங்கள் கையால் எழுத வேண்டாம். எழுதச் சொன்னால் ‘நீங்களே போட்டுருங்க’ என்று நோட்டை நகர்த்திவிடுங்கள். நாளைக்கு ஒரு தகராறு வந்தால் நோட்டில் யார் கையெழுத்து என்றுதான் பார்ப்பார்கள்.

நான் உங்கள் இடத்தில் இருந்தால் இரண்டு வாரம் பார்ப்பேன். மாறவில்லை என்றால் விட்டுவிடுவேன். பணத்தை நினைத்துத் தயங்க வேண்டாம். 18,000-இல் வாடகையும் மெஸ்ஸும் போக 11,000 மிச்சம். உத்தமபாளையத்தில் 12,000 வாங்கி வீட்டுச் சாப்பாடு சாப்பிட்டீர்கள். இதை நீங்கள் முன்னாலேயே போட்டுப் பார்த்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன், ஆனாலும் காகிதத்தில் ஒருமுறை எழுதிப் பாருங்கள். இந்த இரண்டு வாரத்தில் வேறு இடம் தேடுங்கள். பழைய ஆடிட்டரிடம் முதலில் பேசுங்கள். போடியில் ஏலக்காய் வியாபாரிகளின் ஆபீஸ்கள் வரிசையாக இருக்கின்றன. எல்லை தாண்டுகிற சரக்குக்கு 50,000 ரூபாய்க்கு மேல் போனால் இ-வே பில் வேண்டும். அதைப் பிழை இல்லாமல் போடுகிற, மேலே என்ன நடக்கிறது என்று நேரில் பார்த்த கணக்குப் பிள்ளைக்கு அங்கே மதிப்பு உண்டு.

விடுகிறபோது என்னைப் போல விட்டுவிடாதீர்கள். வேலைக்கு எடுத்தபோது கடிதம் ஏதாவது கொடுத்தார்களா, அதில் எத்தனை நாள் முன்னறிவிப்பு என்று இருக்கிறது என்று பாருங்கள். ராஜினாமாவை எழுத்தில் கொடுங்கள், தேதி போட்டு ஒரு நகலில் கையெழுத்து வாங்குங்கள். வாங்க மறுத்தால் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். சாவி, ஆபீஸ் போன், கல்லாவில் உள்ள ரொக்கம் எல்லாவற்றையும் ஒப்படைத்து அதையும் எழுதி வாங்குங்கள். டிகிரி ஒரிஜினலை அடகு போலப் பிடித்துவைக்க எந்த முதலாளிக்கும் உரிமை கிடையாது. பேச்சை ஆரம்பிப்பதற்கு முன்பே, ‘பேங்க்குக்கு வேணும்’ என்று பொய் எல்லாம் சொல்லாமல், ‘என் சான்றிதழ் என்கிட்ட இருக்கட்டும், ஜெராக்ஸ் வச்சுக்குங்க’ என்று கேட்டு வாங்கிவிடுங்கள். வேலை பார்த்த நாட்களுக்குச் சம்பளம் உண்டு. ஊதியச் சட்டத்தொகுப்பு 2025 நவம்பர் 21-இல் நடைமுறைக்கு வந்துவிட்டது. ராஜினாமா செய்தவருக்கு இரண்டு வேலை நாட்களுக்குள் பாக்கிச் சம்பளத்தைக் கொடுத்துவிட வேண்டும் என்று அதில் இருக்கிறது. என் காலத்தில் இதைச் சொல்ல ஆள் இல்லை.

அடுத்த இடத்தில் இந்த ஒரு மாதத்தைப் பற்றிக் கேட்டால் மறைக்காதீர்கள். பி.எஃப். பிடித்திருந்தால் உங்கள் யூஏஎன் எண்ணில் அது பதிவாகியே இருக்கும். ‘கணக்குக்கு எடுத்துக் கொள்முதலில் போட்டார்கள், பேசிப் பார்த்தேன், மாறவில்லை’ என்ற மூன்று வார்த்தை போதும். பழைய முதலாளியைத் திட்டி ஒரு சொல்லும் வேண்டாம்.

இனி அம்மா. ஊர் என்ன சொல்லும் என்று கேட்டிருந்தீர்கள். ஊர் பத்து நாள் பேசும். நீங்கள் பயப்படுவது ஊருக்கு இல்லை, அம்மாவின் முகத்துக்கு. ஆனால் தம்பி, இருபது வருஷம் மலைக்குப் போனவர் அவர். விடியற்காலை ஜீப்பில் நெருக்கியடித்து ஏறி, அட்டைக்கடியில் நாள் முழுக்கக் குனிந்து காய் எடுத்து, சாயங்காலம் தராசுக்கு முன்னால் நின்றவர். யாரோ எழுதுகிற எண்ணைப் பார்த்துக்கொண்டு நிற்பது எப்படி இருக்கும் என்று உங்கள் தெருவில் அவருக்குத் தெரிந்த அளவு யாருக்கும் தெரியாது. நீங்கள் மேஜைக்கு அந்தப் பக்கம் நிற்க முடியாமல் தவிக்கிறீர்கள் என்பதை முதலில் புரிந்துகொள்ளப் போகிறவர் அவர்தான். ‘வேலை பிடிக்கலைம்மா’ என்று மட்டும் சொல்லாதீர்கள். அது அவருக்குச் சோம்பேறித்தனம் போலக் கேட்கும். ஞாயிற்றுக்கிழமை போய் உட்கார்ந்து, ஒரு சாக்கின் கதையை முழுதாகச் சொல்லுங்கள். யார் கொண்டுவந்தார், எவ்வளவு நிறுத்தது, எவ்வளவு எழுதச் சொன்னார்கள் என்று. வேலையை விட்ட பிறகு போய்ச் சொல்லாமல், விடுவதற்கு முன்பே சொல்லுங்கள். நான் என் அப்பாவிடம் சொல்லியிருந்தால் அவர் என்னோடு ஒரே தடவை வந்து சாவியைக் கொடுத்துப் புத்தகத்தை வாங்கியிருப்பார்.

கேள்வி: எனக்கு 20 வயசு. கட்டப்பனையில் ஒரு ஜவுளிக் கடையில் சேர்ந்து 9 நாள் ஆகிறது. ஹாஸ்டலில் இருக்கிறேன். சேலை விரித்துக் காட்டுவது, கலர் எடுத்துக் கொடுப்பது எல்லாம் ரொம்பப் பிடிக்கிறது. மலையாளமும் ஓரளவு வருகிறது. ஆனால் காலை ஒன்பதரையிலிருந்து ராத்திரி எட்டு வரை உட்காரவே கூடாது. கஸ்டமர் இல்லாத நேரத்தில் சுவரில் சாய்ந்தால்கூடத் திட்டு. கால் வீங்கிவிடுகிறது. ‘உனக்கு இந்த வேலை சரிப்படாது’ என்கிறார் அக்கா. எனக்கு வேலை சரியில்லையா, கடை சரியில்லையா?
— ஒரு வாசகி, கூடலூர், தேனி மாவட்டம்

பதில்: கேள்வியிலேயே பதிலை வைத்திருக்கிறாய் தாயி. சேலை விரிக்கப் பிடிக்கிறது என்று ஒன்பதாம் நாளும் எழுதுகிற பெண்ணுக்கு வேலை சரியாகத்தான் இருக்கிறது. கடைதான் சரியில்லை.

உட்காருவது அவர்கள் தருகிற சலுகை இல்லை, உன் உரிமை. கோழிக்கோட்டு மிட்டாய்த் தெருவில் கடைகளில் நின்று நின்றே வேலை பார்த்த பெண்கள் இதற்காகப் பல வருஷம் போராடினார்கள். பெண்கூட்டு என்ற அமைப்பைத் தொடங்கிய விஜி என்ற தையல்காரர் அதற்கு முன்னால் நின்றார். அதன் பலனாகக் கேரளம் 2018-இல் கடைகள், வணிக நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, வேலை செய்கிறவர்களுக்கு உட்கார இடம் தர வேண்டும் என்று சேர்த்தது. நம் தமிழ்நாடும் 2021-இல் அதே போல ஒரு திருத்தம் கொண்டுவந்தது. ஆக, எல்லைக்கு எந்தப் பக்கம் நின்றாலும் உனக்கு ஒரு ஸ்டூல் உண்டு.

தனியாகப் போய்க் கேட்காதே. கூட வேலை பார்க்கிற இரண்டு மூன்று பேரோடு மேனேஜரிடம் போ. கூட்டம் இல்லாத மதிய நேரத்தில் முறை போட்டுப் பத்து நிமிஷம் உட்கார்ந்துகொள்கிறோம் என்று கேளுங்கள். சின்னதாகக் கேட்டால் பல இடங்களில் நடந்துவிடும். நடக்கவில்லை என்றால் அங்கே தொழிலாளர் துறையின் அசிஸ்டென்ட் லேபர் ஆபீசரிடம் புகார் கொடுக்கலாம். அதற்கு மனசு வரவில்லை என்றால் கடையை மாற்று. ஜவுளி வேலையை விடாதே. ராத்திரி படுக்கும்போது காலுக்குக் கீழே இரண்டு தலையணை வை. நிற்கும்போது அவ்வப்போது குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்கு. ஒரே ஒரு கால் மட்டும் வீங்கி, கெண்டைச் சதை வலித்தால் மட்டும் தள்ளிப்போடாமல் அன்றைக்கே டாக்டரிடம் காட்டிவிடு.

அக்காவிடம் இந்தப் பதிலைப் படித்துக் காட்டு.

கேள்வி: பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ் முடித்தேன். கோவையில் ஒரு கம்பெனியில் புரோகிராமர் என்று எடுத்து, சேர்ந்த பிறகு அமெரிக்க ஆஸ்பத்திரிகளுக்கு பில் போடும் பிரிவில் ராத்திரி ஷிப்டில் போட்டுவிட்டார்கள். ஷிப்டு இரண்டரைக்கு முடிகிறது. விடியும்வரை எங்கள் ஊருக்குப் பஸ் இல்லை, ஆபீஸ் வராந்தாவில் உட்கார்ந்திருக்கிறேன். 15 நாள்தான் ஆகிறது, இது வேண்டாம் என்று தெளிவாகத் தெரிகிறது. ஆனால் இரண்டு வருஷத்துக்கு முன் விட்டால் 1,50,000 ரூபாய் தர வேண்டும் என்று பத்திரத்தில் கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள். நகல் என்னிடம் இல்லை. அப்பா தென்னந்தோப்பில் கூலி வேலை பார்க்கிறார். மாட்டிக்கொண்டேனா?
— வேலந்தாவளம், பாலக்காடு மாவட்டம்

பதில்: மாட்டிக்கொள்ளவில்லை தம்பி. ஆனால் ‘பாண்டு எல்லாம் செல்லாது, தூக்கிப் போடு’ என்று நண்பர்கள் சொன்னால் அதையும் அப்படியே நம்ப வேண்டாம்.

பாண்டு செல்லவே செல்லாது என்பது இல்லை. 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் ஒரு பொதுத்துறை வங்கியின் பாண்டைச் சரி என்று தீர்ப்புச் சொன்னது. மூன்று வருஷம் வேலை பார்க்க வேண்டும், இல்லையென்றால் 2 லட்சம் என்பது அந்த நிபந்தனை. அங்கே வேலையில் இருந்தவர் அதிகாரி. தேர்வு வைத்து ஆள் எடுக்கிற வங்கிக்கு, அவர் வேலையை விட்டுப் போனால் ஆகும் செலவையும் நீதிமன்றம் கணக்கில் எடுத்துக்கொண்டது. உங்கள் கதை வேறு. 1872-ஆம் வருஷத்து ஒப்பந்தச் சட்டத்தின் 74-ஆவது பிரிவின்படி, பத்திரத்தில் எவ்வளவு எழுதியிருந்தாலும் நியாயமான நஷ்ட ஈடுதான் கேட்க முடியும். எழுதிய தொகை அதற்கு உச்ச வரம்பு, அவ்வளவுதான். 15 நாளில் உங்களுக்கு என்ன பயிற்சி கொடுத்தார்கள், அதற்கு என்ன செலவழித்தார்கள் என்று கேள்வி வரும். அதோடு, புரோகிராமர் என்று எடுத்துவிட்டு வேறு வேலை கொடுத்தது அவர்கள்தான்.

ஆகவே முதல் வேலை, அந்தப் பத்திரத்தின் நகலை வாங்குவது. எச்.ஆரிடம் மெயிலில் கேளுங்கள். வாயால் கேட்டால் ‘பாக்கலாம்’ என்பார்கள், மெயிலுக்குப் பதில் சொல்லியாக வேண்டும். வேலைக்கு எடுத்தபோது வந்த மெயில், அதில் ‘புரோகிராமர்’ என்று இருக்கிற பக்கம், இப்போது தருகிற ஷிப்டு அட்டவணை எல்லாவற்றையும் உங்கள் சொந்த மெயிலில் சேர்த்து வையுங்கள். அப்புறம் எழுத்தில் கேளுங்கள்: சொன்ன வேலைக்கு மாற்றுங்கள், அல்லது பகல் ஷிப்டு தாருங்கள், இரண்டும் முடியாவிட்டால் பாண்டு இல்லாமல் விடுவியுங்கள். இப்படி முறையாகக் கேட்டால், நாளைக்கு வழக்கு என்று வந்தாலும் உங்கள் பக்கம் பேச ஒரு காகிதம் இருக்கும்.

வக்கீல் நோட்டீஸ் வந்தால் பயந்து அப்பாவைக் கடன் வாங்க விட்டுவிடாதீர்கள். நோட்டீஸ் என்பது தீர்ப்பு இல்லை. குறைந்த வருமானம் உள்ளவர்களுக்குச் சட்டப்பணிகள் ஆணைக்குழு இலவசமாக வக்கீல் வைத்துத் தருகிறது. 15100 என்ற எண்ணுக்குப் போன் செய்து கேட்கலாம். கோவை நீதிமன்ற வளாகத்திலேயே மாவட்ட ஆணைக்குழுவின் அலுவலகத்தை விசாரித்து நேராகவும் போகலாம். பகலில் தூங்குகிற நேரம் என்று தள்ளிப்போடாமல் இந்த வாரமே ஒரு நாள் காலையில், ஊருக்குப் பஸ் ஏறாமல், அலுவலகம் திறக்கிற நேரத்துக்கு அங்கே போய்விடுங்கள். பத்திரத்தின் நகல் கையில் கிடைத்ததும் அதில் உள்ள நிபந்தனைகளை எழுதி அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.